பிராங்க் ஹோர்ன்பி

பிராங்க் ஹோர்ன்பி (மே 15, 1863 – செப்டம்பர் 21, 1936) இங்கிலாந்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், தொழிலதிபர், அரசியல்வாதி ஆவார். மெக்கானோ கட்டுமான விளையாட்டுப் பொருள், ஹோர்ன்பி பொம்மைத் தொடர்வண்டிகள், டிங்கி பொம்மைக் கார்கள் ஆகியவற்றை உருவாக்கியவர். இவர் பொறியியலில் முறையான கல்வி பெற்றவர் அல்லர்.

இளமை

லிவர்பூல் நகரில் உணவுப்பொருள் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 16 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தித் தந்தையின் வணிகத்தில் காசாளராகச் சேர்ந்தார். 1887 இல் ஆசிரியையான கிளாரா என்பவரை மணந்தார். 1899 இல் தந்தை இறந்ததும் அவ்வணிகம் மூடப்பட்டது. பின்னர் டேவிட் எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார்.

மெக்கானோ

ஹோர்ன்பி தம் மகன்களுக்காக வீட்டிலேயே உலோகத் தகட்டை வெட்டிப் பாலம், பாரந்தூக்கி முதலிய பொம்மைகளைச் செய்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் பாகங்களை வெட்ட வேண்டியிருந்தது. எல்லாப் பட்டைகளிலும் அரை அங்குல இடைவெளியில் ஒரே அளவுத் துளைகளை இட்டால், அதே பாகங்களைப் போல்ட், நட்டு கொண்டு பல வகையாகப் பூட்டவும் கழற்றவும் முடியும் என்பதை உணர்ந்தார். 1901 இல் இதற்குக் காப்புரிமம் பெற முயன்றபோது, முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்க நேர்ந்தது.

1902 இல் முதல் தொகுதிகள் 7 ஷில்லிங் 6 பென்சு விலைக்கு விற்பனைக்கு வந்தன. லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹீலி-ஷா இவற்றைப் பாராட்டி ஆதரித்தார். தேவை பெருகியபோது, பாகங்களைச் செய்து கொடுத்த வெளி ஒப்பந்ததாரர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனவே 1907 இல், 44 வயதில், ஹோர்ன்பி வேலையை விட்டு விலகிச் சொந்தப் பட்டறை தொடங்கினார். அவ்வாண்டே மெக்கானோ என்ற வணிகப் பெயர் பதிவு செய்யப்பட்டது. 1908 இல் மெக்கானோ நிறுவனம் அமைந்தது. 1914 இல் லிவர்பூல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை கட்டப்பட்டது.

தொடர்வண்டிகள்

1920 இல் சாவி கொடுத்தால் ஓடும் முதல் ஹோர்ன்பி தொடர்வண்டி வெளிவந்தது. மெக்கானோவைப் போலவே அதையும் போல்ட், நட்டுகளைக் கழற்றி மீண்டும் பூட்டலாம். 1925 இல் மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் வந்தன. 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் ஹோர்ன்பி டப்ளோ வகை இவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1938 இல் அறிமுகமானது.

அரசியலும் மறைவும்

1931 இல் லிவர்பூல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து பழமைவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானார். 1935 தேர்தலில் போட்டியிடவில்லை. மறு ஆண்டு காலமானார்.

பிற்காலம்

1964 இல் மெக்கானோ நிறுவனத்தை லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனம் வாங்கியது. பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. எனினும் ஹோர்ன்பி என்ற பெயரில் மாதிரித் தொடர்வண்டிகள் தொடர்ந்து வெளிவருகின்றன.

பழைய டப்ளோ எஞ்சின்களில் ஆர்வலர்கள் இன்று டிகோடர் என்னும் சிறு மின்னணுக் கருவியைப் பொருத்துகின்றனர். பழைய முறையில் தண்டவாளத்து மின்னழுத்தமே எஞ்சினின் வேகத்தைத் தீர்மானித்தது. எனவே ஒரே பாதையில் இரு எஞ்சின்களைத் தனித்தனியே இயக்குவது கடினம். 1990களில் தரப்படுத்தப்பட்ட இலக்கமுறைக் கட்டுப்பாட்டில், தண்டவாளம் மின்சாரத்துடன் கட்டளைகளையும் கடத்துகிறது. ஒவ்வொரு டிகோடருக்கும் தனி எண் உண்டு. தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் அது ஏற்கும்.

இப்பணியில் கவனம் தேவை. டப்ளோ எஞ்சின்களில் மின்னோடியின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். அதைப் பிரித்துக் காப்பிடாமல் டிகோடரைப் பொருத்தினால் அது எரிந்துவிடும். மின்னோடியின் பழைய காந்தம் வலுவிழந்திருந்தால் மின்னோட்டமும் கூடும். அதைத் தாங்கும் டிகோடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டும் பழக்கத்தைச் சிறுவர்களுக்குக் கற்பிக்க ஹோர்ன்பி விரும்பினார். அவர் பெயர் தாங்கிய பழைய எஞ்சின்கள் இவ்வாறே புதிய பாதைகளில் ஓடுகின்றன.