சேணம் தைத்தவர் மோட்டார் சாமான் வியாபாரி ஆனார்!

லண்டன் நகரத்துத் தெருக்களில் குதிரைகள் நிறைந்திருந்த காலம். பஸ்ஸை இழுப்பது குதிரை. பால் வண்டியை இழுப்பதும் குதிரை.

அந்த ஊரில் ஹென்றி டன்ஹில் என்பவர் குதிரைச் சேணம் செய்து விற்று வந்தார். அவருடைய மகன்தான் ஆல்பிரட் டன்ஹில். 1872-ம் ஆண்டு பிறந்தவர்.

15-வது வயதில் ஆல்பிரட் அப்பாவின் பட்டறையில் தொழில் பழகத் தொடங்கினார். தோலை வெட்டவும் தைக்கவும் கற்றுக்கொண்டார். 1893-ல் கடை அவர் கைக்கு வந்தது.

ஆனால், வந்த நேரம் நல்ல நேரம் அல்ல. குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை மனிதன் கண்டுபிடித்துவிட்டான். 1896 வரை இங்கிலாந்தில் மோட்டாருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போகவேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்த ஆண்டு அதை நீக்கிவிட்டார்கள். மணிக்கு 14 மைல் வேகத்தில் போகலாம் என்றும் அனுமதித்தார்கள்.

குதிரை போனால் சேணம் எதற்கு? சேணம் விற்காவிட்டால் அடுப்பு எப்படி எரியும்?

ஆல்பிரட் மோட்டாரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மோட்டாரில் போகிறவர்களைக் கவனித்துப் பார்த்தார். அந்தக் காலத்து மோட்டாருக்குக் கூரை கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் முன்கண்ணாடியும் கிடையாது. காற்று, புழுதி, மழை எல்லாம் முகத்தில் அடிக்கும். குளிரில் கை விறைத்துப் போகும்.

சேணம் தைத்த கை, தோல் கோட்டு தைத்தது. கையுறை, தொப்பி, கண்ணாடி, ஹாரன், விளக்கு, கடிகாரம் எல்லாம் கடைக்கு வந்தன. மோட்டார் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தம்மிடம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார்.

1903-ல் வேகத்துக்கு 20 மைல் என்று எல்லை வகுத்தார்கள். மறைந்து நிற்கும் போலீஸ்காரரைத் தூரத்திலேயே கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி விற்றார் ஆல்பிரட். குறும்புக்காரர்தான்!

வழியில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட, தட்டும் டம்ளரும் அடுக்கிய பெட்டிகளும் மோட்டார்காரர்களுக்காக வந்தன. பின்னாளில், மது கலக்கும் குவளையும் சிறு கிண்ணங்களும் கொண்ட தோல் பெட்டிகளைப் பணக்காரர்கள் காரில் வைத்துக்கொண்டார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது எத்தனை ஆபத்து! ஆனாலும், இரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் மது இருக்கக்கூடாது என்று அளவு வைத்து இங்கிலாந்து சட்டம் போட்டது 1967-ல்தான்.

ஓடும் மோட்டாரில் குழாயில் புகை பிடித்தால் காற்றில் தீப்பொறி பறக்கும். 1904-ல் காற்றைத் தடுக்கும் விளிம்பு வைத்த ஒரு குழாயைச் செய்தார் ஆல்பிரட். அதிலிருந்து அவர் வாழ்க்கையே திசை மாறியது. 1907-ல் டியூக் தெருவில் புகையிலைக் கடை திறந்தார். ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் தனித்தனியே புகையிலை கலந்து கொடுத்து, அந்தக் கலவையைக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்தார். 1921-ல் இளவரசர் எட்வர்டுக்குப் புகையிலை கொடுக்கும் கடை என்ற பட்டமும் கிடைத்தது. புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்து டாக்டர்கள் கணக்கெடுத்துக் காட்டியது 1950-ல். அதற்குள் டன்ஹில் பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது.

1928-ல் ஆல்பிரட் வியாபாரத்தை விட்டு விலகினார். 1941-ல் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் டியூக் தெருக் கடை நொறுங்கியது. மகன் இடிபாடுகளுக்கு முன்னால் மேஜை போட்டு வியாபாரம் நடத்தினார். ஆல்பிரட் 1959 ஜனவரியில், 86-வது வயதில் காலமானார்.