கடற்தளபதி செங் ஹோவும் நான்ஜிங் பள்ளிவாசலும்

அல்லாஹு தஆலா தனது இல்லத்திற்குப் பணிசெய்யும் நற்பேற்றை எவருக்கு, எந்நிலையில் வழங்குவான் என்பதை அவனே நன்கறிவான். சீன நாட்டுக் கடற்தளபதி செங் ஹோ அவர்களின் வாழ்வு இதற்குச் சான்றாகத் திகழ்கின்றது.

கி.பி. 1371-இல் யுன்னான் மாகாணத்தின் முஸ்லிம் குடும்பமொன்றில் அன்னார் பிறந்தார்கள். இயற்பெயர் மா ஹோ. தந்தையாரும் பாட்டனாரும் ஹாஜிகள் எனப் பெயர் பெற்றவர்கள். 1381-இல் மிங் பேரரசின் படைகள் யுன்னான் மீது போர் தொடுத்தன. அப்போர்க் காலத்தில் தந்தையார் வஃபாத்தானார்கள். சிறைப்பட்ட பாலகர் ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் சூ தியின் ஊழியராக்கப்பட்டார்.

அவ்விளவரசர் 1402-இல் யோங்லே பேரரசராக அரியணை ஏறினார். 1405 முதல் 1433 வரை ஏழு மாபெரும் கடற்பயணங்களுக்குச் செங் ஹோ தலைமை தாங்கினார்கள். முதற்பயணத்தில் மட்டும் 27,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். 1409-ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அவர்கள் பொறிப்பித்த கல்வெட்டு, இலங்கையின் காலி நகரில் 1911-இல் கண்டெடுக்கப்பட்டது. அது இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

1424-இல் யோங்லே மறைந்தபின் பயணங்கள் நிறுத்தப்பட்டன. செங் ஹோ நான்ஜிங் நகரின் காவற்படைத் தலைவரானார்கள். அந்நகரின் சான்ஷான் வீதியில் மிங் ஆட்சியின் தொடக்கத்தில் எழுந்த ஜிங்ஜுவே பள்ளிவாசல் தீக்கிரையாயிற்று. அறுபதை நெருங்கிய முதுமையில், ஏழாம் பயணத்திற்கான ஆயத்தங்களுக்கிடையிலும், அதனைப் புதுப்பித்துக் கட்ட அனுமதி வேண்டிப் பேரரசருக்கு விண்ணப்பித்தார்கள். 1430-இல் அனுமதி கிடைத்தது. அரசே பொருளும் ஆளும் வழங்க ஆணை பிறந்தது.

மிங் காலத்துச் சீனப் பள்ளிவாசல்கள் பலவற்றில் வெளியே குவிமாடத்தைக் காண்பதரிது. மரத்தூண்கள், வளைந்த ஓட்டுக்கூரை, அடுத்தடுத்த முற்றங்கள் என அவை அந்நாட்டு மரபிலேயே அமைந்தவை. ஆயினும் சீன அரண்மனைகளும் கோயில்களும் பெரும்பாலும் தெற்கு நோக்கியிருக்க, பள்ளிவாசலின் மிஹ்ராபோ மேற்கே கிப்லாவை நோக்கி அமைந்தது. நாட்டின் கலையை ஏற்ற அம்மக்கள் தொழுகையின் திசையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏழாம் பயணத்தை ஒட்டிய காலத்தில் செங் ஹோ மறைந்தார்கள். அவர்களுக்குப் பெற்ற பிள்ளைகள் இல்லை. அக்கப்பல்களும் அழிந்துபோயின. ஜிங்ஜுவே பள்ளிவாசலும் 19-ஆம் நூற்றாண்டுப் போரில் அழிவுற்றது. எனினும் அடுத்து வந்த ஜமாஅத்தார் அதனை மீண்டும் எழுப்பினர். இன்றும் அங்கே தொழுகை நடைபெறுகின்றது.

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! முன்னோர் கட்டிய பள்ளியைப் பேணுவது பின்வருவோரின் கடமையன்றோ? அந்த ஸதகத்துல் ஜாரியாவில் நம் அனைவருக்கும் பங்களித்து வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.