கணக்கு ஒப்புவித்த காரியக்காரர்

நம் முட்டத்திலிருந்து கரையோரமாக மேற்கே சென்றால் கடியப்பட்டணமும் மண்டைக்காடும் தாண்டிக் குளச்சல் வருகிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை 1741-ஆம் ஆண்டில் முறியடித்தது அங்கேதான். போர்க்கதையை வரலாற்றுப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அந்தப் போரினால் ஓர் ஆன்மாவுக்குக் கிடைத்த ஆதாயத்தையே இங்கு எழுதப் புகுந்தோம்.

பழைய திருவிதாங்கூரில் காரியக்காரர் என்றால் பெரிய மதிப்பு. அரசனுடைய பொருளை அரசனுக்காகக் காத்து, கேட்ட அன்று கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். சாவி அவருடைய இடுப்பில் இருக்கும், பெட்டி அவருடையதன்று. நம் ஆண்டவர் தம் உவமைகளில் இத்தகைய ஆளை அடிக்கடி கொண்டு வந்து நிறுத்துகிறார். நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடலிலிருந்து வந்த பணத்தைக் கையில் வாங்கி, கடனுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, மகளின் படிப்புக்கு இவ்வளவு என்று பகுத்து வைத்துவிட்டுத் தமக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாத காரியக்காரிகள் அல்லவா அவர்கள்!

மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் நீலகண்டன். நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-இல் செல்வமும் செல்வாக்கும் உள்ள நாயர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மை. மருமக்கள் வழி முறைப்படி தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, வடமொழியும் தமிழும் மலையாளமும் கற்றார். படைக்கலப் பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரம் நீலகண்ட சுவாமி கோவிலில் பொறுப்பு வகித்தபின் அரசுப் பணிக்கு உயர்ந்தார். மயிலாடிச் சாலையிலோ மண்டபத்திலோ அவர் வந்தால் மற்றவர் எழுந்து நிற்கும் அளவுக்கு அந்தப் பதவி இருந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

குளச்சலில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் படைத்தலைவர் பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, திருவிதாங்கூர்ப் படைக்குப் புதுப் பயிற்சி கொடுத்தார். அவர் கத்தோலிக்கர். நீலகண்டனுக்கும் அவருக்கும் நட்பு உண்டாயிற்று. அந்நாளில் நீலகண்டன் குடும்பத்தில் நட்டத்துக்கு மேல் நட்டம். கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது. வாடிய முகத்தோடு இருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கொடுத்தவர் கடவுள், எடுத்தவரும் அவரே என்று அமைதி கொண்ட யோபுவிடம், கணக்கு அறிந்த இந்த மனிதர் தம் தொழிலையே கண்டிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளார் 1745 மே மாதத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவி பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இதுவரை நடந்தது அரண்மனைக்குப் பெரிய தொல்லையாக இருந்திருக்காது. தொல்லை எங்கே தொடங்கியது? தேவசகாயம் தாம் பெற்றதைத் தமக்குள் பூட்டி வைக்கவில்லை. சாதி வேறுபாடின்றி எல்லாரோடும் பழகினார். கடவுள் முன் எல்லாரும் சமம் என்று போதித்தார். தொடுவதற்கும் நெருங்குவதற்கும்கூட அளவு வைத்திருந்த காலம் அது! இன்றும் நம் வீடுகளில் திருமணப் பேச்சு எழும்போது முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் இது எவ்வளவு துணிவு என்பது விளங்கும்.

மேற்குடியினரின் பகை மூண்டது. 1749 பிப்ரவரி 23-இல் அவரைச் சிறைப்பிடித்தார்கள். சாட்டிய குற்றம் என்ன தெரியுமா? அரசத் துரோகமும் வேவு பார்த்தலும்! அரசனின் பொருளையும் இரகசியத்தையும் காத்தவர் மீது, காப்பைக் கெடுத்தவர் என்று பழி. அடிபட்டதைவிட இது அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்பது எம் எண்ணம். பதவி போயிற்று. விசுவாசத்தை விட்டால் எல்லாம் திரும்பும் என்ற வழி மட்டும் திறந்தே இருந்தது. அந்த விசுவாசம் தமக்குச் சொந்தமானது என்று கருதியிருந்தால் ஒருவேளை விலை பேசியிருப்பார். ஒப்படைக்கப்பட்ட பொருளை எப்படி விற்பார்?

எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மேல் பின்முகமாக உட்கார வைத்து, மக்கள் நகைக்க ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தூவினார்கள். உதயகிரிக் கோட்டையின் பக்கத்தில் உள்ள புலியூர்க்குறிச்சியில், நாவறண்ட அவர் முழங்கையால் பாறையை முட்ட, நீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறையைக் காணத் திருப்பயணிகள் இன்றும் செல்கிறார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டி வைக்கப்பட்டார். வேதனைப்படுத்த வந்தவர்கள் மத்தியில், தம்மைக் காண வந்த ஏழைகளுக்கு ஆறுதல் சொன்னார். கையில் காசில்லை, பதவியில்லை; இருந்த நேரத்தையும் வாயிலிருந்த சொல்லையும் பகிர்ந்து கொடுத்தார்.

கடைசியில் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றனர். அங்கும் மக்கள் தேடி வந்ததால், 1752 ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பத்தொன்பது. காட்டில் எறியப்பட்ட உடலின் எஞ்சிய பாகங்களை விசுவாசிகள் எடுத்து வந்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

நான்கே ஆண்டுகளில், 1756-இல், கொச்சி ஆயர் இச்செய்தியை உரோமைக்கு எழுதினார். ஆனால் 2012 டிசம்பர் 2-இல்தான் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. அதற்கு முன்பே, பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப்பட்டம் கோரிக்கையின் பேரில் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்ற திருமுழுக்குப் பெயரே நின்றது. சமம் என்று போதித்தவருக்குச் செய்த நல்ல நியாயம் இது.

ஞானப்பூ அம்மாளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. கணவர் கொல்லப்பட்டபின் அவர் பிறந்த மண்ணையும் உறவினரையும் விட்டு வடக்கன்குளம் சென்றார். அரண்மனை அதிகாரியின் மனைவியாக வாழ்ந்தவர், யாரும் எழுந்து நிற்காத ஓர் ஊரில், தாம் ஏற்ற விசுவாசத்தைத் தனியாகக் காத்துக்கொண்டு எஞ்சிய காலத்தைக் கழித்தார். அவருடைய உடலும் வடக்கன்குளத்து மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கோட்டாற்றுக்குத் திருப்பயணம் போகும் மாணவியர், முடிந்தால் வண்டியை அங்கேயும் ஒருமுறை திருப்பச் சொல்லுங்கள்.