மெக்கானிக்கை மதித்த முதலாளி டி.வி.சுந்தரம் அய்யங்கார்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி செல்லும் பஸ்ஸில் ஏறி, வள்ளியூரில் இறங்கி, மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால் வருவது திருக்குறுங்குடி. நம்பி கோயிலால் பெயர் பெற்ற ஊர். எதிரே தெரியும் மலைக்கு அந்தப் புறம் கேரளம். இந்த ஊரில் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்து இந்தியா முழுவதும் தெரியும். அந்த எழுத்துக்குரிய மனிதரைப் பலருக்குத் தெரியாது.

தந்தையின் விருப்பப்படி அவர் முதலில் வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரயில்வேயில் உத்தியோகம். அதன்பின் பாங்கு. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் இந்த உத்தியோகங்களை விட்டுவிட்டுத்தான் சொந்தத் தொழிலில் இறங்கினார். அந்த நாளில் ரயில்வே வேலையை உதறிவிட்டு வந்தவனை ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை, குமாஸ்தா வேலை பார்க்கும் எவரும் எளிதில் ஊகித்துக் கொள்ளலாம்.

டி.வி.எஸ். நிறுவனம் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுவது 1911. தென்னாட்டில் மோட்டார் வண்டி பெரிய அதிசயமாக இருந்த காலம் அது. அய்யங்கார் பஸ் விட்டார். மதுரை அவருடைய தலைமை இடம் ஆயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார், லாரி விற்பனை உரிமையும் வந்தது. வண்டி விற்பவன் அதை ஓடச் செய்யவும் வேண்டும். ஆகவே ஒர்க்ஷாப், உதிரி பாகம் என்று தொழில் கிளை விட்டது.

ஆள் கிடைக்காத தொழில்

பணம் இருந்தால் வண்டி வாங்கிவிடலாம். அதைப் பழுது பார்க்க ஆள் எங்கே? மோட்டார் மெக்கானிக் படிப்பு சொல்லித்தர நாட்டில் பள்ளிக்கூடம் கிடையாது. கொல்லன் பட்டறையிலும் வண்டிப் பட்டறையிலும் இருந்து வந்த பையன்கள்தான் மெக்கானிக் ஆனார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன்கூட, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவான். அந்த வித்தை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கப்படவில்லை. அவன் கோபித்துக்கொண்டு பையைத் தூக்கினால், தொழிலும் அவனோடு வாசல் தாண்டிப் போய்விடும்.

சிறிய பட்டறைகளில் நடந்தது என்ன? வண்டி வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. எடுபிடிப் பையனுக்கு வசவும் அடியும் தாராளம்; வித்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. மேஸ்திரி தன் நுணுக்கத்தைப் பையன் கற்றுக்கொண்டுவிடக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்வார். கற்றுக்கொண்ட பையன் மறுவாரமே நாலணா கூடுதலாகத் தருபவரிடம் போய்விடுவான். அல்லது, நாலு ஸ்பானரை வாங்கிக்கொண்டு மரத்தடியில் தனிக்கடை போடுவான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவனை நிறுத்தி வைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அய்யங்கார் இங்கேதான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். மெக்கானிக்கை நாள் கூலியாக நினைக்காமல், நிறுவனத்தின் ஆளாக நினைத்தார். டி.வி.எஸ்.சில் வேலை என்றால் மதுரைப் பக்கத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்குச் சமமாகப் பேசுவார்கள். பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த கைக்கு இந்த மதிப்பு அதுவரை கிடைத்ததில்லை. சீருடை, சாப்பாடு, வைத்தியம், பிள்ளைகளுக்குப் படிப்பு ஆகியவை அந்த நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டன. அப்பன் வேலை பார்த்த இடத்திலேயே மகனும், பிறகு பேரனும் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் பல உண்டு.

இதைவிட முக்கியமாகத் தோன்றுவது இன்னொன்று. முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் ஒர்க்ஷாப்பில் நின்று தொழில் கற்றார்கள். இந்தப் பழக்கம் அந்தக் குடும்பத்தில் பின்னும் தொடர்ந்தது. பின்னாளில் பெரிய தொழிலதிபரான ஒரு பேரன், பள்ளி விடுமுறையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். நட்டுக் கழற்றத் தெரிந்த முதலாளியிடம் தொழிலாளி பொய் சொல்ல முடியாது. அதேபோல், அரை மணியில் முடியாத வேலையை அரை மணியில் முடி என்று அந்த முதலாளியாலும் அதட்ட முடியாது. இருவருக்கும் நடுவே இப்படி ஒரு நியாயம் இருந்தது.

கடிகாரமும் காந்தமும்

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்பது மதுரை, ராமநாதபுரம் பக்கங்களில் வழங்கும் பழைய பேச்சு. மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்து கிடக்கும் ஆணிகள் டயரைக் கிழிக்காமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்றும் சொல்வார்கள்.

இந்தப் பெருமை டிரைவருக்குப் போகும், முதலாளிக்குப் போகும். ஆனால் காலை 5 மணி பஸ் 5 மணிக்குப் புறப்பட வேண்டுமானால், இரவு 2 மணிக்கு அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒருவன் படுத்திருக்க வேண்டும். பிரேக்கைப் பார்த்துவிட்டேன் என்று அவன் சொன்னால், பார்த்திருக்க வேண்டும். மேற்பார்வைக்கு ஆள் இல்லாத நேரம் அது. வருகிறவன் போகிறவன் எல்லாரையும் வைத்து அந்த வேலையை வாங்க முடியாது.

அதற்காக எல்லாம் சர்க்கரைப் பந்தலில் தேன்மாரியாக இருந்தது என்று எண்ண வேண்டாம். நேரம் தவறினால் மன்னிப்புக் கிடையாது என்ற கண்டிப்பு இல்லாமல் அப்படிப்பட்ட பெயர் வராது. மேலும், வீட்டுத் தலைவரைப் போல் முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் முறையில், பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதற்கு இடம் குறைவு. உரிமையாகக் கேட்டு வாங்குவது வேறு. கொடுப்பதை வாங்கிக்கொள்வது வேறு. சங்கம் வைத்துப் போராடிய தலைமுறை இதைச் சரியாகவே சுட்டிக்காட்டியது. ஆனால் இரண்டுமே இல்லாத பட்டறைகள் நிறைந்த காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதையும் மறப்பதற்கில்லை.

திருவனந்தபுரத்தில் 1938-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி திருவிதாங்கூர் சர்க்காரே பஸ் விடத் தொடங்கியது. லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்ற அதிகாரி மேற்பார்வை பார்த்தார். சேஸிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தது. பாடி கட்டியது இங்குள்ள தொழிலாளர்கள். அவர்களைப் பிடித்து வைக்க சர்க்கார் வேலை என்ற பெயரே போதுமானது. தனியாரிடம் அந்தப் பெயர் கிடையாது. அதற்கு ஈடான ஒன்றை அவர்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

யுத்த காலம்

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது பெட்ரோல் கிடைக்கவில்லை. டயர் கிடைக்கவில்லை. மெக்கானிக்கையும் டிரைவரையும் ராணுவம் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. பல பஸ் முதலாளிகள் வண்டியை ஷெட்டில் நிறுத்தினார்கள். டி.வி.எஸ்., தானே கரி வாயுக் கருவி தயாரித்தது. பஸ்ஸின் பின்னால் பெரிய உருளை, அதில் மரக்கரி. குறைந்த காற்றில் கரி எரியும்போது உண்டாகும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோலில் ஓடும்போது இருந்த வேகம் இராது, மேட்டில் திணறும். சாம்பலை அள்ள வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். மெக்கானிக்குக்கு வேலை இரட்டிப்பு, முகமெல்லாம் கரி. தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிலும் அங்கே நடந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த கைத்திறன் இல்லாமல், அந்த நேரத்தில் இவற்றை அவசரமாக உண்டாக்கியிருக்க முடியாது.

அவர் வீட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவையை மூலையில் உட்கார வைக்கும் வழக்கம் வலுவாக இருந்த காலம். அதிலும் வைதீகக் குடும்பம். ஆனால் அவர் டெல்லி சென்று டாக்டருக்குப் படித்தார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மணந்தார். ராமச்சந்திரன் நமது நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர். இருவரும் சேர்ந்து 1947-ல் தொடங்கியதுதான் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமம். டி.வி.எஸ். குடும்பத்துக்கும் திருவனந்தபுரம் சீமைக்கும் உள்ள இந்த உறவு இங்கே பலருக்குத் தெரியாது.

சுந்தரம் அய்யங்கார் தொழில் பொறுப்பைத் தம் காலத்திலேயே பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் சக்கரம், பிரேக், மோட்டார் மின்சாரக் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் சென்னைப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலைகள் அந்தக் குடும்பத்தாரால் எழுந்தன.

1972-ல் பஸ் போக்குவரத்து அரசுடைமை ஆனபோது, மதுரையில் டி.வி.எஸ். பஸ்களைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. வண்டிகளுக்கு வேறு பெயர் எழுதப்பட்டது. தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பழங்காநத்தம் பக்கம் போகிறவர்கள் பஸ் கண்டக்டரிடம் டி.வி.எஸ். நகர் என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.