செங்கத்திலிருந்து ஓஹையோ வழியாகக் கோவைக்கு

மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டதும், விடுதி நாட்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் அம்மையாரின் நினைவு வந்துவிட்டது. அவரை விட்டுவிட்டு நம் கல்லூரியைப் பற்றி என்னத்த எழுதுவது? இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் ஒரு படம், ஒரு பெயர். அவ்வளவுதான். அதனால் அவர் கதையையே சொல்லிவிடுகிறேன்.

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி, திருவண்ணாமலைக்குப் பக்கத்துச் செங்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் மனையியல் படித்தார். அந்தக் காலத்தில் பொம்பளைப் பிள்ளை பட்டம் வாங்கினாலே ஊர் வாயைப் பிளக்கும். இவர் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1948இல் உணவுச் சத்தும் உணவு வேதியியலும் சேர்ந்த எம்.எஸ்ஸி., 1949இல் மனையியல் கல்வியில் எம்.ஏ., 1950இல் டாக்டர் பட்டம். மூன்று வருஷத்தில் மூன்று பட்டம்! நம் நாடு விடுதலையடைந்த நேரத்தில், அரிசிக்கும் கோதுமைக்கும் ரேஷனில் நின்ற தேசத்திலிருந்து போன ஒரு பெண், தானியம் குவிந்து கிடந்த தேசத்தில் உட்கார்ந்து சத்துக் குறைவைப் பற்றிப் படித்திருக்கிறார். எனக்கு இது எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு வேரூன்றிய விதத்தையும் சொல்ல வேண்டும். எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண்ணான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியல்காரர். குடிதண்ணீரையும் கடைச் சாமானையும் சோதித்தவர். அவரும் சிலரும் 1899இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் கூடித் தொடங்கியதுதான் இந்த இயக்கம். வீட்டில் நடப்பதற்கும் விஞ்ஞானம் உண்டு என்பது அவர்கள் வாதம். 1994இல் அங்குள்ள சங்கமே மனைப் பொருளியல் என்ற பெயரை விட்டுவிட்டு, குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றினால் மரியாதை வருமா என்று எனக்குத் தெரியாது. நம்ம பக்கம் எந்தப் பெயர் வைத்தாலும் சமையல் படிப்புதான்.

எனக்கே அந்த அனுபவம் உண்டு. நான் துடியலூர்ப் பெண். பி.எஸ்ஸி. முடித்ததும் வீட்டுப் பெரியவர் ஒருவர், சோறாக்கப் படிச்சது போதும், இன்னும் ரெண்டு வருஷம் எதுக்குன்னு கேட்டுப்போட்டார். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியும் ஆயிற்று. அம்மாதான் ஒற்றைக் காலில் நின்று என்னை எம்.எஸ்ஸி.க்கு அனுப்பினார். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் பிடித்துப் போகும்போதெல்லாம், இந்தப் படிப்பு அத்தனை சண்டைக்குத் தகுமா என்று எனக்குள்ளேயே ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, அம்மையாரின் கதைக்கு வருகிறேன். தாயகம் திரும்பியவர், தில்லியில் மத்திய அரசின் வேளாண்மை அமைச்சகத்தில் மனையியல் பொறுப்பு வகித்தார். இதற்கிடையில் 1957இல் கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் ஐயா பெண்களுக்கென்று மனையியல் கல்லூரி தொடங்கியிருந்தார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். நம் துடியலூரைத் தாண்டிப் பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண வித்யாலயத்தை வளர்த்தவர். காந்தியவாதியான அவருடைய கல்லூரிக்கு 1960களின் தொடக்கத்தில் அம்மையார் வந்து சேர்ந்தார். மதம் வேறு, ஊர் வேறு. ஆனாலும் அந்த இருவர் சேர்ந்ததில்தான் நம் கல்லூரி எழுந்து நின்றது என்பது என் எண்ணம்.

தில்லிப் பதவியை விட்டு ஒரு இளங் கல்லூரிக்கு வருவதென்றால் சும்மாவா? உயிர்வேதியியல் படித்தவர் வேறு ஏதாவது பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கலாம். வந்த சில ஆண்டுகளிலேயே, 1964இல், உணவுச் சத்து பற்றிய ஆய்விதழ் ஒன்று இங்கிருந்து வெளிவரத் தொடங்கிவிட்டது. கோயமுத்தூரிலிருந்து ஒரு விஞ்ஞானப் பத்திரிகை!

அவருடைய ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கீரை. வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தைக்கு மாலைக்கண் வரும், முற்றினால் பார்வையே போகும். கீரையில் கரோட்டின் இருக்கிறது, உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் என்பது புத்தகத்தில் இருந்தது. ஆனால் நம்மூர் ஏழைக் குழந்தையின் உடம்பு, தண்டுக்கீரை வகையிலிருந்து அதை உண்மையில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? அதைத்தான் பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளிடம் சோதித்து, 1978இல் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். கரோட்டின் கொழுப்பில் கரைவது. துளி எண்ணெயாவது சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். எண்ணெய் விட்டுத் தாளித்துக் கடைந்த கீரைக்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

நாங்கள் முதுகலையில் செய்த களப்பணியும் இந்த வழிதான். தராசைத் தூக்கிக்கொண்டு கிராமத்து வீடுகளுக்குப் போவோம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பச்சையாக நிறுத்து, ஆக்கிய பிறகு மறுபடி நிறுத்து, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுத வேண்டும். பன்னிமடைப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று நாள் நிறுத்தேன். வீட்டுக்காரர், பையன்கள், அப்புறம் பொண்ணு, கடைசியில் அந்த அக்கா. கொள்ளுப்பருப்பு அவர் முறை வரும்போது சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததுதான். நானூறு கிராம் சோறும் ரசமும். அந்த அக்கா நிறைமாசம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் சந்தேகம் போய்விட்டது. எங்கள் வீட்டில் அம்மா கடைசியாகச் சாப்பிடுவதையும் அன்று இரவுதான் உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தோரு வருஷம் கண்ணில் படாதது.

1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்துணவுத் திட்டத்தைப் பற்றி விஞ்ஞானக் கண்ணோடு எழுதியவர்களில் அம்மையாரும் ஒருவர். 1988இல் நம் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர் அவரே. பின்னாளில் வேந்தரும் ஆனார். ஐயா 1991இல் மறைந்தார். மறு வருஷம் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2002 மார்ச்சில் தமது எண்பத்திரண்டாம் வயதில் அவரும் காலமானார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், தோழியர் கோபிக்க வேண்டாம். பெண்களுக்கு மட்டும் மனையியல் என்று வைத்ததால், வீடு என்பது பெண் பாடு மட்டுமே என்ற எண்ணம் அப்படியே நின்றுவிட்டது. பன்னிமடை வீட்டுக்காரருக்கும் அந்தத் தராசைக் காட்டியிருக்க வேண்டும். நான் காட்டவில்லை, நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் கணக்கு படிக்கிற மாதிரிதான் இருக்கிறது. கூட்டத்தன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொண்டு வருகிறேன். நாலு பேர் கையெழுத்து அதில் இருக்கு, எது யாருடையதுன்னு வந்து பாருங்க.