லாலி: பாண்டிச்சேரியை இழந்த தளபதிக்கு கடிதங்களே எதிரியான கதை

யார் இந்த லாலி?

தோமா ஆர்த்தர் லாலி, அயர்லாந்து வம்சாவளியில் 1702-ல் பிரான்சில் பிறந்தவர். 1745-ல் ஃபோந்தனுவா போரில் பெயர் வாங்கினார். ஆங்கிலேயர்களை இந்தியாவிலிருந்து விரட்டும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. 1758 ஏப்ரலில் பாண்டிச்சேரியில் இறங்கினார். ஜூன் மாதமே கடலூர் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை அவர் கையில்.

எங்கே சறுக்கினார்?

கஜானா காலி. படைக்குச் சுமை தூக்க ஆள் இல்லை. சாதி, தொழில் எதையும் பார்க்காமல் ஊர்க்காரர்களைப் பிடித்து மூட்டை தூக்க வைத்தார். ஊரே வெறுத்தது. சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் வெறுங்கையோடு திரும்பினார்.

கடிதங்களில் என்ன இருந்தது?

போர்முனையிலிருந்து கவர்னர் லெரிக்கு எழுதிய கடிதங்களில் பணமும் அரிசியும் கேட்டார். கூடவே கவுன்சில்காரர்களைத் திருடர்கள் என்று வசைபாடினார். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனா, உதவ வேண்டியவர்கள் எல்லோரும் பகையானார்கள்.

வில்லியனூர் ஏன் முக்கியம்?

1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. அதே ஆண்டு ஜூலையில் வில்லியனூர் கோட்டையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் பிடித்தார். கிராமங்களிலிருந்து நகரத்துக்கு உணவு வரும் வழி அடைபட்டது. நவம்பரில், சாப்பாடு போட முடியாது என்று சுமார் 1,400 உள்ளூர்வாசிகளை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயர்களும் வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கு நடுவே பல நாள் பட்டினி கிடந்த பிறகே அவர்களுக்கு வழி கிடைத்தது. 1761 ஜனவரி 16-ல் பாண்டிச்சேரி சரணடைந்தது. பிறகு ஆங்கிலேயர்கள் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள்.

பாரிஸில் என்ன நடந்தது?

கைதியாக லண்டன் போன லாலி, தன் பெயரைக் காப்பாற்ற தானே கேட்டு பாரிஸ் போனார். கிடைத்தது பஸ்தீல் சிறை. பாண்டிச்சேரியில் பகைத்துக்கொண்டவர்களே சாட்சிகள். லாவூர் என்ற பாதிரியார் அவரைப் புகழ்ந்து ஒன்றும் தாக்கி ஒன்றுமாக இரண்டு குறிப்புகள் வைத்திருந்தார் என்கிறார் எழுத்தாளர் வோல்தேர். வழக்குக்குப் போனது தாக்கிய குறிப்பு. 1766 மே 9-ல் வாயைக் கட்டி, தலையை வெட்டினார்கள்.

மகன் என்ன செய்தார்?

தன் அப்பா யார் என்பதே அந்தக் கடைசி நேரத்தில்தான் 15 வயது மகனுக்குத் தெரிந்தது. வோல்தேர் துணையோடு அவர் போராட, 1778-ல் அரசரின் சபை தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை நீதிமன்றங்கள் முழுசாக விடுவிக்கவில்லை.

லாலி துரோகி இல்லை என்பதே இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆனா, அந்த 1,400 பேருக்காக அவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.