தூண்டிலோடு மாயா நகருக்குப் போனவர்

தூண்டில் போடுகிறவர்கள் மீனின் அளவைக் கூட்டிச் சொல்வது உலக வழக்கம். சாண் நீளக் கெண்டை, வீடு வந்து சேருவதற்குள் முழ நீளம் ஆகிவிடும்!

இதைக் கேட்டு யாரும் கோபித்துக் கொள்வது இல்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால், இங்கிலாந்து நாட்டுக்காரர் ஒருவர் இந்தப் பழக்கத்தை மீனோடு நிறுத்தவில்லை. காட்டுக்குள் புதைந்து கிடந்த ஒரு பழைய நகரத்தின் கதையிலும் அதைக் கலந்துவிட்டார்.

அவர் பெயர் மிட்செல் ஹெட்ஜஸ்.

1882-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. வாலிப வயதிலேயே அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார். மெக்சிகோ நாட்டில் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் தம்மைப் பிடித்து வைத்திருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். அது எவ்வளவு தூரம் உண்மையோ!

அவருக்கு மனைவி உண்டு. ஆனா என்ற அநாதைப் பெண்ணையும் மகளாக எடுத்து வளர்த்தார். ஆனா கனடா நாட்டில் பிறந்தவள்.

கடல் அரக்கன்

1920-ம் ஆண்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு நல்ல துணை கிடைத்தது. ரிச்மண்ட் பிரவுன் சீமாட்டி என்ற பணக்காரப் பெண்மணி. செலவுக்குப் பணம் கொடுத்ததோடு, தாமும் கூடவே புறப்பட்டார். இருவரும் ஒரு சிறு கப்பலில் மத்திய அமெரிக்காவின் கடல்களைச் சுற்றினார்கள்.

அங்கே ஒரு விசேஷம் உண்டு. பனாமா நாடு ஒரு ஒட்டுத் துணி போல ஒடுங்கிக் கிடக்கும் நாடு. ஒரு பக்கம் கரிபியன் கடல். மறு பக்கம் பசிபிக் மாகடல். இரண்டிலும் மீன் ஏராளம்.

மிட்செல் ஹெட்ஜஸ் சாப்பாட்டுக்காக மீன் பிடிக்கவில்லை. விற்பதற்காகவும் பிடிக்கவில்லை. மீனோடு மல்லுக்கட்டுவதற்காகவே பிடித்தார். கொம்பன் சுறா, வேளா என்று பெரிய பெரிய மீன்களாகத் தேடிப் போனார். வேளாவின் மூக்கு, மரம் அறுக்கும் ரம்பம் போலப் பல் பல்லாக நீண்டிருக்கும். நம் மீனவர்களுக்கும் தெரிந்த மீன்தான்.

30 அடிக்கும் அதிக நீளமான வேளா ஒன்றைப் பிடித்ததாக அவர் எழுதினார். அடேயப்பா! மீன் ஆராய்ச்சியாளர்கள் நம்பத் தயங்கும் அளவு இது. ஆனால், ஜனங்கள் நம்பினார்கள். பெரிய மீன்களோடு நடத்திய போர் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1923-ல் வெளிவந்தது.

மீன் பிடித்த நேரம் போக, கரையில் வாழும் மக்களையும் போய்ப் பார்த்தார்கள். பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் வசிக்கும் கூனா மக்களின் துணிமணிகளையும் பொருள்களையும் சேகரித்தார்கள். அவற்றில் பல இங்கிலாந்துப் பொருட்காட்சி சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

விழுந்த கற்களின் ஊர்

1924-ல் இருவரும் பிரிட்டிஷ் ஹாண்டுராசுக்குப் போனார்கள். இன்று அதன் பெயர் பெலீஸ். அந்த நாட்டின் தெற்குக் கோடியில், அடர்ந்த காட்டுக்குள் லுபான்டுன் இருக்கிறது. விழுந்த கற்களின் ஊர் என்பது அந்தப் பெயருக்குப் பொருள்.

அதைக் கட்டியவர்கள் மாயா மக்கள். (நம் ஊர் மாயைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை.) மக்காச் சோளம் பயிர் செய்தவர்கள். எழுத்தும் பஞ்சாங்கமும் கண்டவர்கள். லுபான்டுன் நகரம் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு செழித்திருந்தது.

அங்கே கட்டடங்களைப் பார்த்தால் ஆச்சரியம் ஏற்படும். கல்லை அளவாகச் செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடையில் சாந்து கிடையாது! பல கட்டடங்களின் மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருண்டையாக வளைத்திருக்கிறார்கள். மரங்களின் வேர் புகுந்து கற்களைத் தள்ளிவிட்டதால், சரிந்த கல் மேடுகள்தான் மிஞ்சின.

மண்ணால் செய்த சிறு பொம்மைகளும் ஏராளமாகக் கிடைத்தன. வெறும் பொம்மைகள் அல்ல. பல பொம்மைகள் ஊதுகுழல்கள். வாயில் வைத்து ஊதினால் ஓசை வரும்!

இந்த இடத்தைத் தாமே கண்டுபிடித்ததாக மிட்செல் ஹெட்ஜஸ் பறைசாற்றினார். அது உண்மை அல்ல. டாக்டர் தாமஸ் கான் என்பவர் 1903-லேயே அங்கு போய் ஆராய்ந்திருந்தார். 1915-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெர்வின் போனார். மாயா மக்கள் பந்தாடிய களத்தில் இருந்த செதுக்குக் கற்களைக் கண்டெடுத்தார். 1924-ல் மிட்செல் ஹெட்ஜசுடன் அங்கு வேலை செய்தவரே அந்த டாக்டர் கான்தான்!

இவ்வளவுக்கும், அவர் சும்மா இருந்தவர் அல்ல. கொசுக்கடியிலும் மழையிலும் காட்டை வெட்டித் திருத்தியது உண்மை. இங்கிலாந்துப் பத்திரிகைகளில் எழுதி, லுபான்டுன் பெயரைப் பரப்பியதும் உண்மை. அடுத்த சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் மியூசியமே ஆட்களை அனுப்பியது. ஒரு மனிதனுக்கு இது போதாதா? அவருக்குப் போதவில்லை.

கோர்ட்டில் தோல்வி

1927 ஜனவரியில் ஒரு பரபரப்புச் செய்தி வந்தது. மிட்செல் ஹெட்ஜஸ் இரவில் காரில் போனபோது சிலர் வழிமறித்துத் தாக்கினார்கள்; பெட்டியைப் பறித்துக் கொண்டார்கள் என்பது செய்தி.

லண்டன் நாளிதழ் ஒன்று இதை நாடகம் என்று எழுதியது. விளம்பரத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றது. மிட்செல் ஹெட்ஜஸ் கொதித்து எழுந்தார். மானநஷ்ட வழக்குப் போட்டார்.

1928-ல் விசாரணை நடந்தது. கொள்ளைச் சம்பவத்தோடு கேள்விகள் நிற்கவில்லை. அவருடைய வீரக் கதைகளையும் எதிர்த் தரப்பு வக்கீல்கள் குடைந்தார்கள். ஜூரிகள் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

வேறு ஒருவர் என்றால் மூலையில் முடங்கியிருப்பார். இவர் முடங்கவில்லை. ஹாண்டுராஸ் நாட்டின் தீவுகளில் பழம்பொருள்களைத் தோண்டி எடுத்தார். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் நாட்டின் சுவடு இதுதான் என்றார். நியூயார்க் ரேடியோவில் மேளச் சத்தத்தோடு தம் கதைகளைச் சொன்னார்.

ஸ்படிக மண்டை ஓடு

கடைசிக் கதைதான் பெரிய கதை.

அவரிடம் ஒரு மண்டை ஓடு இருந்தது. மனிதத் தலை அளவு. முழுவதும் ஸ்படிகம். எடை ஏறத்தாழ 5 கிலோ. கீழ்த்தாடை தனியாகக் கழன்று வரும். 1954-ல் வெளியான சுயசரிதையில் அதைப் பற்றிச் சொன்னார். எப்படிக் கிடைத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. 1959-ல் இறந்து போனார்.

பிறகு மகள் ஆனா வாய் திறந்தாள். லுபான்டுன் இடிபாட்டில், தன் 17-வது பிறந்த நாளில் தானே அதைக் கண்டெடுத்ததாகச் சொன்னாள். ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டினாள். கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள்.

ஆனால், டாக்டர் கான் எழுதியதில் மண்டை ஓடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனா அங்கு வந்திருந்ததாகவும் இல்லை. 1936-ல் அது லண்டன் கலைப்பொருள் வியாபாரி சிட்னி பர்னியிடம் இருந்ததற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1943-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அதன் பிறகே மிட்செல் ஹெட்ஜஸ் 400 பவுன் கொடுத்து வாங்கினார்!

ஆனா 2007-ல் தன் 100-வது வயதில் இறந்தாள். அதை அடுத்து, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிபுணர் ஒருவர் மண்டை ஓட்டை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் உதவியால் சோதித்தார். வேகமாகச் சுழலும் வைரப் பூச்சுக் கருவியின் கீறல்கள் தெரிந்தன. மாயா மக்களிடம் அப்படிப்பட்ட கருவி கிடையாது.

உண்மையான ஊதுகுழல் பொம்மைகள் செய்த மக்களுக்கு, இல்லாத ஸ்படிகத்தைச் சூட்டியதுதான் மிச்சம்.

மாயா மக்களின் சந்ததியார் இன்றும் லுபான்டுன் பக்கத்துக் கிராமங்களில் வசிக்கிறார்கள். வெளிநாட்டவர் அந்தக் கடற்கரைக்குத் தூண்டிலோடு வருகிறார்கள். காலையில் மீன், மறுநாள் லுபான்டுன் என்று விடுமுறையைக் கழிக்கிறார்கள். டார்பன், போன்பிஷ், பெர்மிட் ஆகிய மூன்று வகை மீன்களைப் பிடித்தால் உயிரோடு திருப்பி விட்டுவிட வேண்டும். 2009-ல் பெலீஸ் அரசாங்கம் போட்ட சட்டம் அது. வேளா மீனோ, உலகம் முழுவதுமே அழிந்துபோகும் நிலையில் இருக்கிறது.